பூரணி எங்கே?

சென்னை, சிந்தாதிரிப்பேட்டை
4 மே 1936

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரத்தினசாமி எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் மூட்டுவலி இப்போது தேவலையா? அத்தான் காலமான பிறகு அந்த வீட்டில் நீ ஒற்றை ஆளாக இருப்பதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அச்சாபீஸில் புரூப் திருத்தும் வேலையை விட்டுவிட்டேன். கிராமபோன் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராஜ் என்பவர் 'தாரா மண்டலம்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியிருக்கிறார். ஆசிரியர் நான்தான். நாடக மேடை, பேசும்படம், ரிக்கார்டுப் பாடகர்கள், இவர்களைப் பற்றி மட்டும் எழுதும் பத்திரிகை. முதல் இதழ்களில் நடிப்புக் கலையைப் பற்றி நீளநீளமாக எழுதினேன். பிரதிகள் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தன. சென்ற மாதம் அட்டையில் ஒரு நடிகையின் படத்தைப் போட்டோம். கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்று இன்னும் கொடு என்கிறார்கள்.

அந்த நடிகை யார் தெரியுமா? நம் தெரு முனியம்மாவின் மகள் பூரணி. நாடகக் கம்பெனியோடு போனாளே, அவளேதான். இங்கே அவள் காரை விட்டு இறங்கினால் தெரு அடைத்துப்போகிறது.

இதழ் ஒன்று இத்துடன் வருகிறது. 'கலாபூஷணன்' என்ற பெயரில் இருப்பதெல்லாம் நான் எழுதியது. ரத்தினசாமி என்ற பெயர் பத்திரிகைக்கு எடுப்பாக இல்லையாம். திருச்சபையில் யாராவது கேட்டால் அச்சாபீஸில் இருக்கிறேன் என்றே சொல்லி வை.

உன் அன்புத் தம்பி,
ரத்தினசாமி


ஆம்பூர்
19 மே 1936

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ரத்தினத்துக்கு,

அவருடைய கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மூட்டுவலி இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. ஓட்டலில் பழைய எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே.

புத்தகம் வந்த செய்தி எப்படியோ தெருவில் பரவி, முனியம்மா தோல் ஷாப்பிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் தோல் அலசின கை. முந்தானையில் எவ்வளவு துடைத்தும் அவளுக்குத் திருப்தியில்லை. "நீயே புடிச்சிக் காட்டும்மா, என் கை பட்டா கறையாய்டும்" என்றாள். அட்டையை வெகுநேரம் பார்த்தாள். "எளைச்சிட்டா" என்றாள். பிறகு, "எம்பொண்ணப் பத்தி இன்னா போட்டுக்கீது? படி" என்றாள்.

நான் என்னத்தைப் படிப்பது? தஞ்சாவூர் ஜில்லாவில் சங்கீதப் பரம்பரையில் உதித்தவர் என்று எழுதியிருக்கிறாய். சிறு வயதிலேயே தாயை இழந்தவர் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தத் தாய் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். "நல்லாப் பாடுறான்னு போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷமாகப் போனாள்.

பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஏன் தம்பி இப்படிப் பொய் எழுதினாய்? உயிரோடு இருக்கிறவளைச் சாகடிக்க உனக்குக் கை எப்படி வந்தது?

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்காள் அன்னம்மாள்


சென்னை
12 ஜூலை 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வேலை அப்படி.

தஞ்சாவூர்க் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. டாக்கிக் கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தது. தெய்வ வேஷம் போடுகிற பெண் தோல் ஷாப்புத் தெருவில் பிறந்தவள் என்று தெரிந்தால் கொட்டகைக்கு ஜனம் வராது என்கிறார்கள். பூரணியும் சம்மதித்துத்தான் நடந்தது. நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான்.

பத்திரிகை இப்போது ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏறுகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருக்கிற நம்மவர்கள் சந்தா கட்டுகிறார்கள். தேசம் முழுதும் படிக்கிற பத்திரிகை என்று அட்டையிலேயே போட்டுவிட்டார் முதலாளி. வாசகர் கேள்விப் பகுதிக்குத் தினமும் கடிதம் குவிகிறது. கலையைப் பற்றி ஒருவனும் கேட்பதில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன சாப்பிடுகிறாள், என்ன சோப்புத் தேய்க்கிறாள், இதுதான் கேள்வி.

எனக்கு ஓர் ஆசை. நான் சின்ன வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டதால் நம் தெரு ஞாபகமே கம்மி. பூரணியின் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதேன். பத்திரிகைக்கு அல்ல, எனக்காக. உன் கடிதம் வந்தால் ஊரையே பார்த்த மாதிரி இருக்கிறது.

அன்புத் தம்பி,
ரத்தினசாமி


ஆம்பூர்
9 ஆகஸ்டு 1936

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

நான் சுகம். இங்கே மழை இல்லை, பாலாறு வெறும் மணல். ஊரை நினைத்து நீ கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? போன கடிதத்தில் கடுமையாக எழுதினேனோ என்று வருத்தமாக இருந்தேன்.

பூரணி என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு அம்மாவோடு ஷாப்புக்குப் போனாள். தொட்டியில் ஆவாரம் பட்டையை மிதிக்கும்போது பாடுவாளாம். மற்றப் பெண்கள் அலுப்புத் தெரியாமல் வேலை செய்வார்கள் என்று மேஸ்திரி அவளைப் பாடவிட்டு நிற்பானாம். நாடகக் கம்பெனி இங்கே கொட்டகை போட்டபோது, வாத்தியார் ஒருவர் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பாட்டைக் கேட்டார். அப்படித்தான் போனாள். போகும்போது அவள் கால் இரண்டும் பட்டைச் சாயத்தில் செம்மண்போல் இருந்தன. மேடையில் ஏறினால் தெரியுமே என்று அழுதாள்.

அம்மாவை அவள் மறக்கவில்லை. மாதா மாதம் வாசனை சோப்பு அனுப்புகிறாள். முனியம்மா அதைத் தேய்த்தால் சுண்ணாம்பில் வெந்த கை எரிகிறது. ஆனாலும் தேய்க்கிறாள். "அது அனுப்புனது ஆச்சே" என்கிறாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: சென்ற மார்கழியில் பூரணி இங்கே வந்துபோனாள். மேல்விஷாரம் ஷஹீன் பானு நாடகக் காலத்திலிருந்தே அவளுக்குத் தோஸ்த். அந்தம்மாளின் பர்தாவைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தாள். அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்துவிட்டு விடிகிற வண்டியில் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்தது முனியம்மாவும் நானும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
அன்னம்மாள்


சென்னை
15 அக்டோபர் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ பத்திரிகையில் எழுத வேண்டியவள்.

போன வாரம் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். முதலாளி, டைரக்டர், இரண்டு பெரிய வக்கீல்கள், எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்கு என்னைக் கலாபூஷணன் என்றுதான் தெரியும். குலம் கோத்திரம் யாரும் கேட்டதில்லை. அவர்களாகவே ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூரணி கிரீடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும், "இன்னா ரத்தினம், எப்ட்ரா கீற? அன்னம்மாக்கா சௌக்கியமா? இன்னும் நம்ம தெரு இஸ்கூல்லதான் கீதா?" என்று உரக்கக் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவளுக்கு விகற்பம் ஒன்றும் இல்லை. பேச்சு அப்படி.

தீபாவளி மலர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. விசேஷ விஷயம் ஏதாவது வேண்டும் என்கிறார் முதலாளி. மற்றவை பிறகு.

தம்பி,
ரத்தினசாமி


ஆம்பூர்
17 நவம்பர் 1936

தம்பி ரத்தினசாமிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

தீபாவளி மலர் இங்கே வந்தது. ஷாப்பில் கணக்கெழுதுகிற ராஜவேலு நடுத்தெருவில் நின்று வாசித்தான். பட்டைச் சாயம் ஏறின கால், எரிகிற சோப்பு, பர்தா, அம்மா மடி, எல்லாம் இருந்தது. என் வார்த்தைகள்தான். 'தொட்டியில் மலர்ந்த தாரகை' என்ற தலைப்பு ஒன்றுதான் உன்னுடையது. இந்த விவரங்கள் பூரணியை அறிந்த ஓர் ஆசிரியை சொன்னவை என்றும் போட்டிருக்கிறாய். இந்தத் தெருவில் ஆசிரியை எத்தனை பேர்?

முனியம்மா என்னிடம் வந்து, "நீயா எழுதுன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "எம்பொண்ணு பர்தா போட்டுக்கினு வந்துச்சே, அத்தக்கூட விட்டு வெக்கல பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டூரிங் கொட்டாயில் அவள் படம் ஓடுகிறது. அவள் சாமியாக வருகிற இடத்தில் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தோலு நாத்தம்! தோலு நாத்தம்!" என்று கத்துகிறார்கள். வெளியூர்க்காரர்கள் முனியம்மா எந்தக் குடிசை என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் அம்மா நிற்கிற அதே தொட்டியில் நம் அப்பா சாகிற வரைக்கும் நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் நீ விடுதிக்குப் போனாய். அதை எந்த மலரில் போடப்போகிறாய்?

அன்னம்மாள்


ஆம்பூர்
11 ஜனவரி 1937

தம்பிக்கு,

முன் கடிதத்துக்குப் பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் ஒரு வரி இல்லை. ஆனாலும் இது நீ தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முனியம்மா போய்விட்டாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் ஷாப்பில் வேலை கெடுகிறது என்று மேஸ்திரி அவளை நிறுத்திவிட்டான். அப்புறம் பூரணிக்குக் கொடுத்த சீதை வேஷத்தைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. "என்னாலதான எம்பொண்ணு பொயப்பு போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை நிறுத்தினாள். காய்ச்சல் கண்டது, எழுந்திருக்கவில்லை. நான் கஞ்சி கொண்டுபோனேன். கடைசி வரைக்கும் என் கையால் வாங்கவில்லை.

தந்தி கொடுத்தோம். பூரணி பர்தா இல்லாமல், முகத்தை மூடாமல், ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள். தெரு கொள்ளாத கூட்டம். கூரைமேல் ஆள். மரத்தின்மேல் ஆள். சவத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். அவளால் குடிசைக்குள் நுழைய முடியவில்லை. "எங்கம்மா மொகத்த ஒரு வாட்டி பாத்துக்கறேன். வழி வுடுங்க சாமி" என்று கும்பிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், "டாக்கியில கேட்ட அதே கொரலுடா!" என்று கத்தினான். தம்பி, அவர்கள் கை தட்டினார்கள்.

பாலாற்றங்கரையில் அடக்கம் ஆயிற்று. அங்கேயும் ஒருவன் உன் பத்திரிகையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அன்னம்மாள்


சென்னை, மவுண்ட் ரோடு
20 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். புது ஆபீஸுக்கு மாறியிருக்கிறோம், விலாசத்தைக் குறித்துக்கொள். முனியம்மாவின் மரணம் கேட்டு மனம் வருந்தினேன். மார்ச் இதழில் கறுப்புக் கட்டம் கட்டிப் போடுகிறோம்.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டுவது நியாயமா? தஞ்சாவூர் என்று எழுதியபோது ஏன் பொய் எழுதினாய் என்று கேட்டவள் நீ. உண்மையை எழுதினேன், அதற்கும் வைகிறாய். வேஷத்தைப் பிடுங்கியது கம்பெனிக்காரன். வேலையை விட்டு நிறுத்தியது மேஸ்திரி. கை தட்டியது ஜனம். நான் எங்கேயும் இல்லை. அனுதாபம் வரும்படிதான் எழுதினேன். அழுதோம் என்று எத்தனை வாசகர்கள் எழுதினார்கள் தெரியுமா?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பாவைப் பற்றிப் படிக்க யார் காசு கொடுப்பார்கள்?

அடக்கத்துக்குப் பிறகு பூரணி சென்னைக்குத் திரும்பவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. முதலாளி 'பூரணி எங்கே?' என்று ஒரு போட்டி அறிவித்துவிட்டார். கண்டுபிடித்து எழுதுகிறவருக்குக் கிராமபோன் பெட்டி பரிசு. தேசம் முழுதும் இதே பேச்சு. பம்பாயில் பார்த்தேன் என்கிறான் ஒருவன், சிங்கப்பூர்க் கப்பலில் பார்த்தேன் என்கிறான் இன்னொருவன். உனக்கு ஏதாவது தெரியுமா?

தம்பி,
ரத்தினசாமி


ஆம்பூர்
14 மார்ச் 1937

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. கிணறு வற்றிவிட்டதால் அஹமது பாஷா சாயபு வீட்டுக் கிணற்றில் இறைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை மாற்ற வேண்டும். பிள்ளைகள் இந்த வருஷம் ஜாஸ்தி. பாட்டு வகுப்பு நன்றாக நடக்கிறது. போதகர் ஐயா ராணிப்பேட்டைக்கு மாற்றலாகிப் போகிறார்.

இனிமேல் எனக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம்.

மூட்டுவலி குறைந்திருக்கிறது. நாங்கள் இருவரும் சுகம்.

அன்னம்மாள்


'தாரா மண்டலம்' காரியாலயம்
மவுண்ட் ரோடு, சென்னை
22 ஏப்ரல் 1937

மதிப்புக்குரிய அக்காள் அவர்களுக்கு,

க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குப் பிரார்த்திக்கிறேன். வேலை மிகுதியால் காரியதரிசியைக் கொண்டு எழுதுவிக்கிறேன்; மன்னிக்கவும்.

தாங்கள் சென்ற கடிதத்தில் 'நாங்கள் இருவரும் சுகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் தனியே வசிப்பவர். பாட்டு வகுப்பு நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தங்களுக்குப் பாட வராது என்பதை நான் அறிவேன்.

தாங்கள் விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் போட்டோகிராபருடன் வருகிறேன். பூரணிக்கு இதனால் நன்மையே. சேரிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் தாரகை என்றால் ஜனங்கள் உருகிவிடுவார்கள். கம்பெனிகள் மறுபடி தேடிவரும். ஆண்டு மலரின் அட்டை அவளுக்காகக் காத்திருக்கிறது. பழைய பர்தா இருந்தால் எடுத்து வைக்கவும். பிள்ளைகள் சுத்தமாக இருக்க வேண்டாம், வழக்கம்போல் இருக்கட்டும்.

இங்ஙனம்,
கலாபூஷணன்


ஆம்பூர்
27 ஏப்ரல் 1937

ரத்தினசாமிக்கு,

உன் சுகத்தை இந்தத் தடவை நான் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். பூரணி இங்கே இல்லை. அடக்கம் முடிந்ததிலிருந்து என்னோடுதான் இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். முதல் மாதம் பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தப்பாகப் பாடுவதைக் கேட்டுப் பொறுக்காமல் எழுந்து வந்து திருத்தினாள். அதிலிருந்து தினமும் வந்தாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஓட்டைக் கூரையின்கீழ் படுத்திருக்கிறவர்கள்தான். ஒருவரும் உன் கிராமபோன் பெட்டிக்கு ஆசைப்படவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தபோது நான் சபைக்குப் போயிருந்தேன். தபால்காரர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உறையின்மேல் பத்திரிகையின் பெயர் இருந்ததால் பிரித்துப் படித்துவிட்டாள். நான் திரும்பியபோது துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எனக்குச் சோறு வடித்து வைத்திருந்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"போறேன்க்கா."

"பானு வூட்டுக்கா?"

"இல்ல. அங்கயும் வருவான்."

"எங்கன்னு சொல்லிட்டுப் போ பூரணி. சத்தியமா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

மூட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்ல மாட்டக்கா. எழுதிடுவ."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் வாசலுக்குப் போய் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது எனக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். எனக்குத் தெரிந்தது எதுவும் உன்னிடம் தப்பவில்லை.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இது உண்மை. உன் பத்திரிகையில் போட்டுக்கொள். என் பெயரையும் ஊரையும் தெருவையும் போட்டுக்கொள். உனக்கு அக்காள் என்று மட்டும் போடாதே.

அன்னம்மாள்